தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலில் நின்ற நரி

வல்லியின் இரண்டு கட்டை விரல்களைத் தவிர அந்தக் கரையில் எதுவும் அசையவில்லை.

கரையேற்றி வைத்திருந்த படகில் முதுகைச் சாய்த்து, மணலில் கால்களை நீட்டி அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு வெள்ளி நிறப் பெட்டி. அரைச் சிலேட்டு அளவுதான் இருக்கும். அதன் நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்குள் ஒரு நரி, கையில் கூடையோடு. நாலு மூலையிலும் கோழிகள். கோழிகள் முட்டை போடப் போட, அவை சாய்ந்த பலகையில் உருண்டு வரும். நரி ஓடி ஓடிக் கூடையில் பிடிக்க வேண்டும்.

பிப், பிப், பிப் என்று பெட்டி கத்திக்கொண்டிருந்தது. வல்லிக்குப் பின்னால் நாங்கள் பத்துப் பேர். ஒருவன் தோளில் இன்னொருவன் தாடை.

"தொள்ளாயிரத்தி எம்பது" என்று ஒருவன் குசுகுசுத்தான்.

"வாயை மூடுடா. அவளுக்குக் கை நடுங்கும்."

"எனக்கு ஒண்ணும் நடுங்கல" என்றாள் வல்லி, கண்ணை எடுக்காமலே. "உங்க வாய் நாத்தம்தான் தாங்கல. தள்ளி நில்லுங்கடா."

எல்லோரும் நரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன் மட்டும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டுக் கரையிலிருந்து, மீன் விற்கப்போன பெண்களை ஏற்றிக்கொண்டு, சாயங்காலப் படகு வந்துகொண்டிருந்தது. அது சீக்கிரம் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன் பிள்ளைகளே. போன வாரம் நான் எழுதிய நண்டுக் கதையைப் படித்துவிட்டு என் மகள் யாழினி, "உன் கதையில எப்பவும் நீ நல்ல புள்ளையாவே வர்றப்பா" என்றாள். இந்த வாரம் அப்படி வரமாட்டேன்.

கப்பலில் வந்த நரி

எங்கள் ஊர் பசியாவரம். பழவேற்காடு ஏரிக்குள் ஒரு தீவு. அங்கே அந்தப் பெட்டி எப்படி வந்தது என்று கேட்பீர்கள்.

என் அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அங்கே ருஷ்யாவிலிருந்து கப்பல்கள் வரும். அந்த நாட்டுக்கு அப்போது சோவியத் யூனியன் என்று பெயர். அந்தக் கப்பல்காரர் ஒருவருக்கு மாமா கட்டியிருந்த லுங்கி மேல் ஆசை வந்துவிட்டதாம். மாமா புது லுங்கி ஒன்றும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார். அவர் தன் பையைத் துழாவி இந்தப் பெட்டியைக் கொடுத்தார்.

பெட்டியின் மேல் ஏதோ எழுதியிருந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஏ, பி, சி, டி படித்தவர்கள்தான். ஆனால் இதில் ஆங்கில எழுத்து சில, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்றன. "அச்சடிக்கிறவன் தூங்கிட்டான்" என்று முடிவு கட்டினோம். அது வேறு மொழியின் எழுத்து என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அது நரியும் இல்லை, ஓநாயாம். யாழினிதான் இப்போது சொல்கிறாள். நாங்கள் ஓநாயை எங்கே கண்டோம்? எங்களுக்கு அது நரி. இந்தக் கதை முடிகிற வரைக்கும் நரிதான்.

பெட்டியைக் கொடுக்கும்போது மாமா என்னைக் கிட்டே இழுத்து ஒரு விஷயம் சொன்னார்.

"ஆயிரம் முட்டை புடிச்சா உள்ள படம் ஓடும்டா. நரி சினிமா. அந்தக் கப்பல்காரன் சொன்னான்."

"அவரு பேசுறது உனக்கு எப்பிடி மாமா புரிஞ்சுது?"

"உள்ளங்கையில விரலால ஆயிரம்னு எழுதிக் காட்டுனான். அப்புறம் கையை இப்பிடிச் சுத்துனான். சினிமா மிசின் சுத்துற மாதிரி. இதுகூடப் புரியலைன்னா நான் இன்னாத்துக்கு மாமா?"

இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. ஏனென்றால் யாழினி இணையத்தில் தேடிப் படித்தாள். ருஷ்யாவில் அந்தக் காலத்துப் பிள்ளைகளும் இதையேதான் நம்பினார்களாம். ஆயிரம் எடுத்தால் படம் ஓடும், என் அண்ணன் பார்த்தான், பக்கத்துத் தெருப் பையன் பார்த்தான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம். பனி கொட்டும் ஊரில் கம்பளி போட்டுக்கொண்டு அவர்களும், உப்புக்காற்றில் சட்டை இல்லாமல் நாங்களும், ஒரே நரியை ஓட்டிக்கொண்டு ஒரே படத்துக்குக் காத்திருந்திருக்கிறோம்.

"ஆயிரம் வந்தா நெசமா இன்னா ஆகும்னும் போட்டிருக்குப்பா" என்றாள் யாழினி.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். "அதை மட்டும் சொல்லிடாதே."

எங்கள் பாடு

பெட்டி ஒன்று. பிள்ளைகள் பதினோரு பேர். முதல் நாளே அடிதடி. ஒருவன் சட்டைப் பை கிழிந்தது.

இதற்கு வழி எங்களுக்குத் தெரியும். ஏரியில் மீன் நிறைய ஓடும் இடங்கள் சில உண்டு. எல்லோரும் அங்கேயே வலை போட்டால் சண்டைதான். அதனால் ஊர்கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை போடமாட்டான். பசித்தாலும் போடமாட்டான்.

நாங்களும் நோட்டுக் காகிதத்தைக் கிழித்து, பதினோரு பெயர் எழுதி, மாமா வாங்கித் தந்த பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். பெட்டி என்னுடையது என்று நான் முறுக்கிக்கொண்டேன். "ஏரி உங்க நைனாவுதா? அப்ப இதுவும் உன்னுது இல்ல" என்று வல்லி ஒரே போடாகப் போட்டாள். எனக்கு ஏழாவது சீட்டு. வல்லிக்கு ஆறாவது.

ஒரு சாயங்காலப் படகு கரை தொட்டதிலிருந்து மறுநாள் சாயங்காலப் படகு கரை தொடும்வரை ஒருவர் பாடு. பள்ளிக்கூட நேரத்தில் பெட்டி டவுசர் பையில் தூங்கும். வல்லி பாவாடை கட்டுகிறவள் என்பதால் புத்தகப் பையில் ஒளித்துக்கொண்டு போவாள்.

நாங்கள் எல்லாம் நூறு, நூற்றைம்பது எடுப்போம். போகப் போக முட்டைகள் வேகமாக வரும். மூன்று முட்டை உடைந்தால் ஆட்டம் முடிந்தது. வல்லி மட்டும் வேறு மாதிரி ஆடினாள். அவள் முட்டையைப் பார்க்கமாட்டாள். "காதால ஆடணும்டா. சத்தம் மாறுது பாரு" என்பாள். ஐநூறைத் தொட்டால் அதுவரை விழுந்த முட்டைகளை எல்லாம் பெட்டியே மன்னித்து, தப்புக் கணக்கை அழித்துவிடும் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். எங்களில் யாரும் ஐநூறு வரை போனால்தானே தெரியும்.

நைனா காத்திருந்த காலை

நடுவில் இன்னொன்று சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் என் தப்பு உங்களுக்குப் புரியாது.

அதற்கு முந்தின வாரம் என் நைனாவுக்குப் பாடு வந்தது. நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கம் ஆந்திரா எட்டிப் பிடிக்கிற தூரம். அதனால் அப்படித்தான் கூப்பிடுவோம். விடியலில் என்னையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார். போனால், முந்தின நாள் பாடு கிடைத்தவருடைய வலை இன்னும் தண்ணீரில் இருந்தது. இறால் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, பொழுது விடிஞ்சிடுச்சே. நம்ம பாடுதானே. எடுக்கச் சொல்லு" என்றேன்.

"வலை தண்ணியில இருக்கிற வரைக்கும் பாடு போட்டவனுது" என்றார் நைனா. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் முதுகில் ஏறியது. அந்த மனிதர் கடைசி இறாலைக் கூடையில் போட்டுவிட்டு, கை தூக்கிக் காட்டிய பிறகுதான் எங்கள் வலை இறங்கியது. எங்களுக்கு அன்று அரைக் கூடைதான்.

ஆக, எனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்குத் தோன்றாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும்.

படகு தொட்டது

இப்போது கரைக்குத் திரும்புவோம்.

"தொள்ளாயிரத்தி தொண்ணூறு."

வல்லியின் நெற்றியில் வியர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. ஒரு பெண் தன் பாவாடை நுனியால் ஒற்றிவிட்டாள். அதுவரை ஒரு முட்டைகூட விழவில்லை.

"தொண்ணூத்தி மூணு. தொண்ணூத்தி நாலு."

படகின் மூக்கு மணலில் மோதியது. வெறுங்கூடைகளோடு பெண்கள் இறங்கினார்கள்.

"படகு தொட்டுடுச்சு" என்றேன். "பாடு என்னுது."

பெட்டி மட்டும் பிப், பிப் என்றது.

"ஆறுதான்டா பாக்கி" என்றான் ஒருவன்.

"பாடுன்னா பாடு. சீட்டு எல்லாரும்தானே போட்டோம்?"

எனக்கு அந்த ஆயிரம் வேண்டியிருந்தது. படம் ஓடும்போது பெட்டி என் கையில் இருக்கவேண்டும். அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

வல்லி ஒரே ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் ஒரு முட்டை விழுந்தது. அவள் சண்டை போடவில்லை. பெட்டியை நீட்டினாள். பாடு மாறிவிட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பது அவளுக்கும் ரத்தத்தில் ஊறியது.

நான் பிடுங்கினேன். என் விரல் பட்டன்களைத் தேடுவதற்குள் இன்னொன்று விழுந்தது. பிறகு இரண்டு பிடித்தேன். மூன்றாவது எந்த மூலையிலிருந்து வந்தது என்றே தெரியவில்லை.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஆறு. ஆட்டம் முடிந்தது.

என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். ஒவ்வொருவராக எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் சொன்னேன். படகு தொட்டது, பாடு மாறியது, என் மேல் தப்பில்லை என்று நீட்டி முழக்கிச் சொன்னேன். நைனா சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வலை தண்ணியில இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு."

அவர் சோற்றைப் பிசைந்தார். சாப்பிட்டார்.

அடுத்த சுற்றில் வல்லி தன் சீட்டை ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அந்த மழைக்காலத்தில் படகில் வைத்திருந்த பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் போய், கண்ணாடி மை கொட்டியதுபோல் கறுத்தது. ஆயிரத்தை யாரும் பார்க்கவில்லை.

கூரியரில் வந்த நரி

நான் இப்போது ஆரம்பாக்கத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறேன். யாழினி ஒன்பதாவது படிக்கிறாள். கோடை விடுமுறையில் அவளுக்கு இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். அவள் உடனே கைப்பேசியை எடுத்தாள். "இது பாரு, இதுவா? இல்ல, இதுவா?" என்று படம் படமாகக் காட்டினாள். பழைய பொருள் சேகரிக்கிறவர் ஒருவரிடம் அதே வெள்ளிப் பெட்டி, அதே நரி.

கூரியர் வந்த அன்று, கையில் இருந்த கிரீஸைக்கூடக் கழுவாமல் பிரித்தேன். கடிகாரத்துக்குப் போடும் பொத்தான் பேட்டரி இரண்டு போட்டோம். பிப் என்றது.

பிள்ளைகளே, அந்தச் சத்தம் கேட்டதும் அப்படியே எஞ்சின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். யாழினி குதிக்கிறாள். "ஆடுப்பா, ஆடு, ஆடு."

"நான் ஆடக்கூடாது" என்றேன். "என் பாடு இன்னும் வரல."

ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு மார்க்கெட்டுக்குப் போனோம். வல்லியைப் பக்கத்து ஊர் தோணிரேவில் கட்டிக்கொடுத்தார்கள். மார்க்கெட்டில் இறாலும் நண்டும் விற்கிறாள். நாங்கள் வருஷத்தில் நாலைந்து தடவை பார்த்துக்கொள்வோம். நலம் விசாரிப்போம். இந்தப் பேச்சை மட்டும் எடுத்ததில்லை.

"இன்னாடா ஏழுமல" என்றாள். "நண்டு வேணுமா, இல்ல வெறும் பேரமா?"

"உன் வலை இன்னும் தண்ணியிலயே இருக்குது வல்லி" என்றேன். "எடுக்கிற வரைக்கும் பாடு உன்னுது. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் புடுங்குனேன்."

பெட்டியை நீட்டினேன்.

அவள் ஐஸ் ஒட்டியிருந்த கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். வாங்கிப் பார்த்தாள்.

"தொள்ளாயிரத்தி தொண்ணூத்தி நாலு" என்றாள்.

ஏதோ மன்னிப்புப்போல உளற ஆரம்பித்தேன்.

"ஐநூறு தாண்டுனா பழைய தப்பை அதுவே அழிச்சுடும்டா" என்றாள் வல்லி. "நம்ம ரெண்டு பேருக்கும் அம்பது வயசு ஆவப் போவுது. அது எப்பவோ அழிஞ்சுபோச்சு. தள்ளி நில்லு, கஸ்டமர் நிக்கிறாங்க." பிறகு யாழினியைப் பார்த்து, "இது எங்கிட்டயே இருக்கட்டும், இன்னா? உங்கப்பன் கேட்டாலும் குடுக்கமாட்டேன்" என்றாள்.

ஆயிரம்

அதன் பிறகு தினமும் போன் வந்தது. முதல் நாள் முப்பத்தெட்டு. "கண்ணு தெரிலடா. மூக்குக் கண்ணாடி மாத்தணும்." நாலாம் நாள் நூற்றுப் பன்னிரண்டு. கண்ணாடி மாற்றினாள். அடுத்த வாரம் நானூறு. யாழினி சுவரில் எழுதி வைத்தாள். எழுநூற்று எண்பது வந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் கூத்தாடியதைப் பார்த்து, பக்கத்து வீட்டில் கிரிக்கெட்டா என்று கேட்டார்கள்.

ஒரு ஞாயிறு மதியம் அவளே கூப்பிட்டாள். "கிளம்பி வா. இன்னிக்குக் கை நல்லா ஓடுது. நீ எதிர்ல இருக்கணும்."

தோணிரேவில் அவள் வீட்டு வாசலில், காயப்போட்ட வலைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். தெருவே கூடியிருந்தது. யாழினி அவள் தோளுக்குப் பின்னால் போய்த் தாடையை வைத்தாள். யாரும் சொல்லித் தரவில்லை.

ஐநூறு. எழுநூறு. தொள்ளாயிரம். இரண்டு முட்டை விழுந்திருந்தது. இன்னும் ஒன்று விழுந்தால் போச்சு.

"தொள்ளாயிரத்தி தொண்ணூத்தி நாலு" என்று நானே சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வல்லி நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. சிரித்தாள். விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. தொண்ணூற்று ஆறு. என் பழைய இடம் தாண்டியது. தொண்ணூற்று எட்டு. தொண்ணூற்று ஒன்பது.

பிப்.

பூஜ்யம்.

நாங்கள் காத்திருந்தோம். படம் எதுவும் ஓடவில்லை. எண்ணும் தப்புக் கணக்கும் மட்டும் பூஜ்யத்துக்குப் போய்விட்டன. கோழிகள் அதே இடத்தில் இருந்தன. அடுத்த முட்டை உருண்டது.

"இன்னா, படம் எங்க?" என்றது ஒரு குரல்.

"அவ்ளோதான் அத்தை" என்றாள் யாழினி, வல்லியிடம். இத்தனை நாள் கடித்து வைத்திருந்த உதட்டை விட்டாள். "அதுல மூணு நம்பர்தான் தெரியும். ஆயிரம் ஆனா மறுபடி முதல்லேருந்து."

"மாமா நல்லா சுத்துனாரு போ" என்றேன்.

வல்லி மட்டும் நிறுத்தவில்லை. அவள் விரல்கள் முட்டை பிடித்துக்கொண்டே இருந்தன. "ஆயிரம் எடுத்தேன் இல்ல?" என்றாள். "அது போதும். வலை கரைக்கு வந்துடுச்சு. டேய், கிட்ட வா. குந்து. எடது கையை என் கைக்குக் கீழ வை."

வைத்தேன். என் கட்டை விரல் அவள் விரலுக்குக் கீழே நுழைந்து பட்டனைத் தொட்டதும் அவள் தன் விரலை எடுத்தாள். பிறகு வலது கை. பெட்டி கை மாறியது. ஒரு முட்டைகூட விழவில்லை. மாற்றுவது இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

"இப்ப உன் பாடு" என்றாள்.

மூன்று பிடித்தேன். நாலாவது விழுந்து உடைந்தது. தெருவே சிரித்தது.

"இன்னும் ரெண்டு தப்பு பண்ணலாம்டா" என்றாள் வல்லி. "மெதுவா ஆடு."

ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன், பிள்ளைகளே. நேற்று இருநூற்றுப் பத்து எடுத்தேன். அடுத்த பாடு யாழினியுடையது. இதை எழுதும்போதுகூட எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். பார்க்கட்டும். என் வலை இன்னும் தண்ணீரில் இருக்கிறது.